மலையில்லாத ஊரில் மலைப் படம்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழு உறுப்பினர்கள் இருவர் சேர்ந்து பேசியது. பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். ‘ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளும் ஓவியமும்.’ சிரிக்கலாம், தப்பில்லை. போன வருஷம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்களில் ஒருத்தி ஓவியத்தில் லோயர் பரீட்சை எழுதியவள். அவளே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டு இருந்தாள். அப்படி இருந்த நாங்கள் ஒரு தப்பு செய்தோம். அதைச் சொல்லத்தான் இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

போன பொங்கலுக்கு நம் கூட்டமைப்பு சார்பில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம் அல்லவா? தலைப்பு ‘எங்கள் ஊர்’. 43 பிள்ளைகள் வரைந்தார்கள். அதில் 29 படம் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையில் இருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. பறவை என்றால் ஒரு வளைவு, பக்கத்தில் இன்னொரு வளைவு, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் மலை எங்கே இருக்கிறது? காவிரித் தண்ணீர் பாயும் சமவெளி இது. கோயில் கோபுரத்தில் ஏறிப் பார்த்தாலும் வயல்தான், பனைதான், கரண்டுக் கம்பம்தான். அந்த 29 பேரில் பலர் மலையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ‘எங்கள் ஊர்’ என்றதும் மலை வரைந்தார்கள். அண்ணன் வரைந்ததைப் பார்த்துத் தங்கை, தங்கையைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன். பார்த்ததை யாரும் வரையவில்லை, வரைந்ததைப் பார்த்து வரைந்தார்கள்.

அதில் மூன்று மலைக்கு நாங்கள் பரிசு கொடுத்தோம். ஏன் என்றால் அவை சுத்தமாக இருந்தன. கலர் கோட்டை விட்டு வெளியே வரவில்லை, ஓரத்தில் ஸ்கேல் வைத்து பார்டர் போட்டிருந்தது. முதல் பரிசுப் படத்துக்கு பார்டர் போட்டது காலேஜில் படிக்கும் அண்ணன் என்று அப்புறம் தெரிந்தது. அது போகட்டும்.

சுவரில் ஒட்டிய படங்களில் கடைசி வரிசையில், கீழ் மூலையில் ஒரு படம் இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் வரைந்தது. நடவு வயலில் ஏழு பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். முன்னால் இருப்பவர் பெரியதாக, முதுகும் சேற்றுக்குள் போகும் கையும் தெரிகிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் போகப் போகச் சின்னதாகி, ஏழாவது ஆள் வெறும் சிவப்புப் புள்ளி, அது அவருடைய ஜாக்கெட். முன்னால் நிற்பது அந்தப் பெண்ணின் அம்மா. நம் குழு உறுப்பினர்தான்.

அந்த அம்மா மண்டபத்துக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப் போச்சு. “ஏன்டி, கலர் டப்பாவுல ஸ்கின் கலர்னு ஒண்ணு இருக்குல்ல, அதை அடிக்கிறதுக்கென்ன? ஊருக்கு முன்னால என்னைக் கரியாக்கி வச்சிட்டியே” என்று சொல்லி, படத்தைச் சுவரில் இருந்து பிய்த்து எங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் அழவில்லை. எங்களைப் பார்த்தாள். நாங்கள் பரிசு கொடுக்கும் அவசரத்தில் இருந்தோம்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அதை இப்போது உங்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

முதலில் கோடு. இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தருவதாகச் சொன்னால் வாசல் சிரிக்கும். 7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை என்று சொன்னால் போதும், மொத்தம் 37 புள்ளி என்று எண்ணாமலேயே உங்கள் விரலுக்குத் தெரியும். நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே கிளம்பியதோ அங்கேயே வந்து முடிகிறது. ஒரு பக்கம் போட்டதை நாலு பக்கமும் திருப்பிப் போடுகிறீர்கள். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இதற்குச் சமச்சீர் என்று பெயர். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியரும் அவருடன் வேலை செய்த கணக்கு ஆராய்ச்சியாளர்களும் கோலத்தைப் பற்றி ஆய்வு செய்தார்கள். கோலம் போடும் விதியை கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுத முடியுமா என்று பார்த்து, 1974-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். நாம் காலையில் தண்ணி தெளித்துவிட்டுப் பேச்சுவாக்கில் போடுவது அது.

இன்னொன்று பாருங்கள். சாணி தெளித்த தரையில் வெள்ளை மாவு பளிச்சென்று நிற்கும். அதே கோலத்தை வெளுத்த சிமெண்டுத் தரையில் போட்டால் சோகையாகத் தெரியும். அதனால்தான் சுற்றிக் காவி இழுக்கிறோம். வெள்ளையைக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் கறுப்போ சிவப்போ வேண்டும். இதை ஒரு பிள்ளையிடம் சொல்லி, “நீ வரைஞ்ச வெள்ளை ஆட்டுக்குட்டி ஏன் பேப்பர்லயே மறைஞ்சு போச்சு, யோசி” என்று கேட்டால் அதுவே பின்பக்கம் புல்லைப் போட்டு ஆட்டை வெளியே கொண்டுவரும். எங்கள் மாலை வகுப்பில் ஒரு பையன் அப்படிச் செய்தான். ஆட்டின் மேல் ஒரு கோடுகூடப் போடவில்லை. சுற்றி இருக்கிற காலி இடத்தைப் பச்சையாக்கினான், ஆடு வந்து நின்றது.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் டீ டம்ளரைக் கையில் எடுங்கள். டீ இருந்தால் குடித்துவிட்டு எடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரின் விளிம்பை கண்ணுக்கு நேரே பிடியுங்கள். வாய் எப்படித் தெரிகிறது? ஒரு கோடு மாதிரி. கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஒடுங்கின முட்டை மாதிரி. இன்னும் இறக்கி, நேர் மேலே இருந்து குனிந்து பாருங்கள். முழு வட்டம். டம்ளர் மாறவில்லை. நம் கண் இருக்கும் இடம் மாறியது. பிள்ளைகள் குடம் வரையும்போது பெரும்பாலும் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியைத் தட்டையாகப் போடுவார்கள். குடத்துக்கு வாய் வட்டம் என்று மனசுக்குத் தெரியும், அதனால் கை அதை எழுதிவிடும். தெரிந்ததை வரைவது ஒன்று, தெரிகிறதை வரைவது ஒன்று. பத்து, பதினொரு வயதில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் மோத ஆரம்பிக்கும். ‘எனக்கு வரைய வராது’ என்று நிறையப் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைப்பது இந்த வயதில்தான். அப்போது நாம் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தால் போதும்.

தூரமும் இப்படித்தான். வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால் கிட்டத்தில் உள்ள கரண்டுக் கம்பம் உயரம், அடுத்தது அதைவிடக் குட்டை, கடைசிக் கம்பம் தீக்குச்சி. நெருங்கி நெருங்கி வந்து ரோட்டின் இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் முடிகிற மாதிரி தெரியும். நடவு வரிசையும் அப்படியே. மார்கழிப் பனியில் பாருங்கள், கிட்ட இருக்கும் பனைமரம் கறுப்பு, அதற்குப் பின்னால் சாம்பல், அதற்கும் பின்னால் வெறும் புகை. தூரம் போகப் போக உருவம் சின்னதாகிறது, நிறமும் வெளுக்கிறது. அந்தப் பெண் ஏழாவது ஆளைச் சிவப்புப் புள்ளியாக வைத்தாளே, அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. வரப்பில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இதுதான் சரி, மற்றது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் குகையின் மேல்கூரையில் ஒரு தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். குளம் மேலே இருந்து பார்த்த மாதிரி பரந்து கிடக்கும். அதில் பூப் பறிக்கிற ஆளும் யானையும் மீனும் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை அப்படி வரைந்தால் ‘குளம் என்ன செங்குத்தா நிக்குது’ என்று கேலி செய்வோம். அந்தக் குகையைப் பார்க்க வெளிநாட்டில் இருந்து ஆள் வருகிறது. ஆகவே திருத்துவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். “ஏன் இப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்கிற மாதிரி கேளுங்கள்.

நிழல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விளக்கு ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் இருட்டு. அதை மெல்ல மெல்ல இருட்டாக்கினால் பேப்பரில் வட்டம் எலுமிச்சம் பழமாகிவிடும். ஒரு பழமும் ஒரு கரித்துண்டும் போதும், இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

நிறத்துக்கு வருவோம். சிவப்பு, மஞ்சள், நீலம் இந்த மூன்றும் இருந்தால் பெயிண்டில் பல நிறம் உண்டாக்கலாம். மஞ்சளும் நீலமும் பச்சை. மஞ்சள் தூக்கலாக இருந்தால் நாற்றங்கால் பச்சை, நீலம் தூக்கலாக இருந்தால் முற்றின வாழை இலை. அதில் துளி சிவப்பு விட்டால் மங்கிப் போய், காய்ந்து வரும் தழையின் நிறம். நம் ஊரிலேயே எத்தனை பச்சை இருக்கிறது! பிள்ளைகள் டப்பாவில் இருக்கும் ஒரே பச்சையால் எல்லாவற்றையும் பூசிவிடுகிறார்கள்.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: “ஆரத்தியில மஞ்சளும் வெள்ளைச் சுண்ணாம்பும்தானே சேர்க்கிறோம், வெளிர் மஞ்சள்தானே வரணும், எப்படி ரத்தச் சிவப்பு வருது?” நல்ல கேள்வி. அது நிறம் கலப்பது இல்லை. சுண்ணாம்பின் காரம் பட்டால் மஞ்சளில் இருக்கும் சாயமே சிவப்பாக மாறிவிடும். அதில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் திரும்பவும் மஞ்சளாகும். எட்டாம் வகுப்பு அறிவியலும் ஓவியமும் ஒரே தட்டில் இருக்கிறது.

இனி அந்த ‘ஸ்கின் கலர்’. பெட்டியில் அந்தப் பெயரில் வரும் குச்சியை எடுத்து உங்கள் கைமேல் வைத்துப் பாருங்கள். வெளிறின ரோஸ். இந்த மண்டபத்தில் அந்த நிறத்தில் யார் இருக்கிறோம்? அமெரிக்காவில் கிரேயோலா என்ற கிரேயான் கம்பெனி இப்படித்தான் ஒரு குச்சிக்குத் ‘தசை’ என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தது. ஒரே நிறம்தானா மனுசத் தோல் என்ற கேள்வி எழுந்து, 1962-ல் பெயரை ஒரு பழத்தின் பெயராக மாற்றினார்கள். நம் கடைகளில் நாம் இன்னும் ஸ்கின் கலர் என்றே கேட்டு வாங்குகிறோம்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஆரஞ்சைத் தேய்த்து, அதன்மேல் லேசாகக் கறுப்பைத் தேய்த்து, வெயில் படும் முதுகில் மட்டும் கறுப்பைக் குறைத்து ஆரஞ்சை விட்டிருந்தாள். அப்படியே அம்மாவின் நிறம். கரி இல்லை அது. வெயிலில் வேலை செய்யும் தோல், ஈரம் பட்டு மின்னுகிற தோல். நாங்கள் இருவரும் அதே நிறம்தான். எங்களுக்கும் அந்த நேரத்தில் அது கண்ணில் படவில்லை. அந்த அம்மாவை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். சின்ன வயசில் இருந்து கறுப்பி, கறுப்பி என்று கேட்டு வளர்ந்தவருக்கு, மகளும் சுவரில் எழுதி ஒட்டின மாதிரி இருந்திருக்கும். தப்பு எங்களுடையது. அந்த இடத்தில் எழுந்து நின்று “படம் நல்லா இருக்கு, இதைப் பிரிக்காதீங்க” என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் கட்டிவிட்டு அவர் தயங்கி நின்றார். “அக்கா, அந்தப் படம் உங்ககிட்டதானே இருக்கு? அன்னிக்குக் கோவத்துல போட்டுட்டு வந்துட்டேன். குடுத்தா வீட்ல ஒட்டிக்குவேன். அதுல இருந்த பச்சைப் புடவை எங்கம்மா எடுத்துக் குடுத்தது, இப்ப அவுங்க இல்ல” என்றார்.

படம் எங்களிடம் இல்லை. போட்டி முடிந்த மறுவாரம் அலுவலக அலமாரியைக் காலி செய்தபோது 43 படத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். எடை போட்ட காசு அலுவலகச் செலவுக் கணக்கில் வரவு இருக்கிறது. நாங்கள்தான் எழுதினோம்.

அந்தப் பெண்ணிடம் “இன்னொண்ணு வரைஞ்சு தா, கண்ணு” என்று கேட்டோம். சரி என்றாள். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மலை, நடுவில் சூரியன்.

இதனால்தான் மாலை வகுப்பைத் தொடங்கினோம். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை. சாட்டின் பின்பக்கம், கரித்துண்டு, செங்கல் பொடி, ஒரு பெட்டி மெழுகுக் கலர். செலவு பெரிசில்லை. ஆனால் இது பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டிய வேலை. அதைப் பற்றி ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதன்படி நம் மாநிலத்தில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை போன்ற பாடங்களுக்குச் சேர்த்து 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். நம் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா, இருந்தால் அவருடைய பீரியடு அவருக்குக் கிடைக்கிறதா, இல்லை கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் போய்விடுகிறதா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். குடிநீர், கழிவறை பற்றிக் கேட்கிறீர்கள். இதையும் ஒரு வரி தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வரும் பொங்கல் போட்டிக்கு விதிமுறையை மாற்றியிருக்கிறோம். பார்டர் தேவையில்லை. ஸ்கேல் கூடாது. வீட்டில் இருந்து வரைந்து எடுத்துவரக் கூடாது, இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும். பரிசு பெற்றதோ பெறாததோ, எல்லாப் படத்தின் பின்னாலும் பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி எழுதி கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு ஃபைலில் இருக்கும். தாய் வந்து கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். தீர்மானப் புத்தகத்துக்கு இருக்கிற மரியாதை இதற்கும் உண்டு.

‘மலை வரையக் கூடாது’ என்றும் ஒரு விதி போட்டோம். சனிக்கிழமை வகுப்பில் அதைப் படித்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “எங்க அம்மாயி வீடு தேனி. லீவுக்குப் போனப்ப பார்த்தேன். மலை பச்சையா இல்லக்கா, நீலமா இருந்துச்சு. பின்னால இருக்கிறது இன்னும் வெளுப்பு. ஒரு மலைக்குப் பின்னால இன்னொரு மலை, ஏழோ எட்டோ இருந்துச்சு. ரெண்டு மட்டும் இல்ல. நான் அதை வரையக் கூடாதா?”

அந்த விதியை அடித்துவிட்டோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நடவுப் படத்துப் பெண் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் பெட்டியில் இருந்து ஆரஞ்சை எடுத்தாள். கறுப்பு யாரிடம் இருக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்டாள்.

சாப்பாடு ரெடி என்கிறார்கள்.